அம்மாவுக்கு 1.6 செ.மீ. நுரையீரல் கட்டி: மடல் முழுவதையும் எடுப்பதா, ஒரு செக்மென்ட் போதுமா?

கரூர்_செல்வி

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. எங்கள் வீட்டில் யாருக்கும் புகைப்பழக்கம் கிடையாது. இருமல் நிற்கவில்லையே என்று எடுத்த சிடியில் வலது நுரையீரலின் மேல் மடலில், பின்பக்கச் செக்மென்டில் (மடலுக்குள் ஒரு கூறு), 1.6 செ.மீ. கட்டி தெரிந்தது. 'பார்ட் சாலிட்', அதாவது கொஞ்சம் கெட்டி, கொஞ்சம் மங்கல் என்று எழுதியிருக்கிறார்கள். அதில் கெட்டியான பகுதி 0.9 செ.மீ. பெட் ஸ்கேனில் அந்த இடம் லேசாக ஒளிர்கிறது, மற்ற இடமெல்லாம் சுத்தம். ஊதிப் பார்க்கும் சோதனையில் 84 சதவீதம் வந்தது.

முதலில் பார்த்த சர்ஜன் மேல் மடலை முழுவதும் எடுத்துவிடலாம், காலம்காலமாக அதுதான் முறை என்றார். இரண்டாவது கருத்து கேட்கப் போன இடத்தில், ஒரு செக்மென்டை மட்டும் எடுத்தால் போதும், நுரையீரல் மிச்சமாகும் என்கிறார்கள். மாமாவோ கேன்சர் என்றால் வேரோடு பிடுங்க வேண்டும், பாதி வேலை கூடாது என்று தினமும் போன் போட்டுச் சொல்கிறார். அம்மா என் முகத்தைப் பார்க்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_முத்து

தங்கச்சி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாமா சொல்வதுதான் சரி. என் பெரியப்பாவுக்கு முழு மடலும் எடுத்தார்கள், இன்றைக்கும் வயலுக்குப் போய் வருகிறார். கொஞ்சம் மிச்சம் வைக்கப்போய் அதிலேயே திரும்ப வந்தால்?

நெஞ்சறை

நெஞ்சறை அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் அம்மாவை நேரில் பார்க்காமல் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு சர்ஜன்களும் ஏன் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள் என்பதைச் சொல்ல முடியும்.

வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. ஒவ்வொரு மடலுக்குள்ளும் தனி மூச்சுக்குழல், தனி ரத்தக்குழாய் உள்ள செக்மென்ட்கள் இருக்கின்றன. வலது மேல் மடலில் மூன்று. உங்கள் அம்மாவின் கட்டி அந்த மூன்றில் ஒன்றில் இருக்கிறது. மடலை எடுத்தால் மூன்றும் போகும், செக்மென்டெக்டமி என்றால் ஒன்று போகும். வெட்ஜ் என்று மூன்றாவது ஒரு முறையும் உண்டு. அதில் குழாய்களைத் தேடிப் பிரிக்காமல், கட்டியைச் சுற்றி ஆப்பு வடிவில் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்துவிடுவார்கள்.

இந்த வைத்தியம் பெரிய வெட்டிலிருந்துதான் தொடங்கியது. 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற சர்ஜன், புற்றுநோய்க்காக ஒருவரின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் எடுத்தார். நோயாளியும் ஒரு டாக்டர்தான். அவர் அதற்குப் பிறகு முப்பது வருடம் இருந்தார். கிரஹாமோ 1957இல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்துபோனார். பிற்பாடு முழு நுரையீரல் என்பது மடலாகக் குறைந்தது. இன்னும் குறைக்கலாமா என்று சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 1995இல் வந்தது. கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் 247 பேர், கட்டி 3 செ.மீ. வரை. குறைவாக வெட்டியவர்களுக்கு அதே பக்கத்தில் நோய் திரும்புவது மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. விவாதம் அதோடு முடிந்தது. அடுத்த இருபத்தைந்து வருடம் உலகம் முழுக்க மடல்தான். உங்கள் முதல் சர்ஜன் படித்து வளர்ந்தது அந்தக் காலத்தில். அவர் சொன்னதில் தவறில்லை.

ஆனால் அந்த ஆய்வுக்கு ஆள் சேர்த்தது 1980களில். அன்றைய ஸ்கேனும் இன்றைய ஸ்கேனும் ஒன்றில்லை. 2 செ.மீ.க்கும் குறைவான, பாதி மங்கலான கட்டிகள் அன்று கண்ணிலேயே பட்டிருக்காது. அதனால் ஜப்பான்காரர்கள் கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள்.

2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. 70 மருத்துவமனைகள், 1106 பேர். கட்டி 2 செ.மீ.க்குள், நுரையீரலின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில், கெட்டிப் பகுதி பாதிக்கு மேல். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் செக்மென்ட் பக்கம் 94.3 சதவீதம், மடல் பக்கம் 91.1 சதவீதம். அடுத்த வருடமே அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 697 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. அங்கே குறைவாக வெட்டியவர்களில் செக்மென்டும் உண்டு, வெட்ஜும் உண்டு. அதிலும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். நோய் திரும்பாமல் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் குறைவாக வெட்டிய பக்கம் 63.6 சதவீதம், மடல் பக்கம் 64.1.

இரண்டாவது சர்ஜன் பேசுவது இந்த இரண்டு ஆய்வையும் வைத்து.

திண்ணைப்_பேச்சு

டாக்டர், ஒரு சந்தேகம். அதே ஜப்பான் ஆய்வில் அதே இடத்தில் நோய் திரும்பியது செக்மென்ட் பக்கம் 10.5 சதவீதம், மடல் பக்கம் 5.4 சதவீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதைச் சொல்லாமல் 94ஐ மட்டும் சொல்வது நியாயமா? முத்து அண்ணன் பயப்படுவது இதற்குத்தானே?

நெஞ்சறை

நியாயமான கேள்வி, நீங்கள் சொன்ன எண்களும் சரி. மடல் பக்கம் 83 பேர் இறந்தார்கள், செக்மென்ட் பக்கம் 58 பேர். இதில் வேறு காரணங்களால் இறந்தவர்கள் மடல் பக்கம் 52, செக்மென்ட் பக்கம் 27. வித்தியாசம் அங்கேதான் வந்தது. நுரையீரல் கட்டியால் இறந்தவர்கள் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை, 31. வேறு உறுப்பில் புற்றுநோய், மூச்சு சம்பந்தமான நோய் என்று பின்னால் வந்தவற்றில்தான் மடல் பக்கம் அதிகம் பேர் போனார்கள். நுரையீரல் கூடுதலாக மிச்சமிருந்தவர்கள் அடுத்த நோயையும் அதற்கான வைத்தியத்தையும் தாங்கினார்கள் என்பது ஒரு விளக்கம். நிரூபணம் என்று அதைச் சொல்ல முடியாது.

இரட்டிப்பு என்பதையும் நான் ஒதுக்கவில்லை. அந்த 10.5ஐக் குறைப்பது சர்ஜன் கையில் இருக்கிறது. கட்டியைச் சுற்றி எவ்வளவு நல்ல சதையைச் சேர்த்து எடுக்கிறார் என்பதுதான் விஷயம். 2 செ.மீ. இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டியின் அளவாவது இருக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காது என்று ஆபரேஷன் மேஜையில் தெரிந்தால் மடலுக்குப் போய்விட வேண்டும். ஜப்பானில் செக்மென்ட் என்று சீட்டு விழுந்த 552 பேரில் 22 பேருக்கு மடலாக மாற்றினார்கள்.

திண்ணைப்_பேச்சு

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நுரையீரல் மிச்சம், மிச்சம் என்கிறார்களே, அது எவ்வளவு? ஒரு வருடம் கழித்து ஊதும் திறன் மடல் பக்கம் 12 சதவீதம் குறைந்தது, செக்மென்ட் பக்கம் 8.5 சதவீதம். வித்தியாசம் வெறும் 3.5. அவர்களே எதிர்பார்த்தது 10. இதற்கா இவ்வளவு பாடு?

பினாங்கு_ராஜி

நான் மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். இங்கே ஒரு கணக்கு போடுவோம். இரண்டு நுரையீரலுக்கும் சேர்த்து 19 செக்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று போனால் 16 சதவீதம் குறைய வேண்டும், ஒன்று போனால் 5. காகிதத்தில் பெரிய வித்தியாசம். உடம்பில் அப்படி நடப்பதில்லை. மேல் மடல் போன இடத்தில் நடு மடலும் கீழ் மடலும் விரிந்து ஏறிக்கொள்கின்றன. செக்மென்ட் எடுத்தால் பக்கத்துச் சதை ஸ்டேப்ளர் கோட்டில் கொஞ்சம் சுருங்கிப்போகிறது. அதனால்தான் 3.5இல் வந்து நிற்கிறது.

84 சதவீதம் ஊதும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் படி ஏறும்போது தெரியவே தெரியாது. 50 சதவீதத்தில் இருப்பவருக்கு, கூடவே மூச்சிரைப்பு நோய் உள்ளவருக்கு, தெரியும். ஆகவே செல்வி, அம்மாவுக்கு 'மூச்சு மிச்சமாகும்' என்பதை மட்டும் வைத்து முடிவு எடுக்க வேண்டாம் என்பேன்.

வடவள்ளி_பாட்டையா

எனக்கு இடது மேல் மடலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். புள்ளிவிவரமெல்லாம் டாக்டர்கள் பேசட்டும், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பக்கவாட்டில் மூன்று சின்னத் துளை. விலா எலும்பை விரிக்கவில்லை. கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு பாட்டில், அதற்குள் தண்ணீர், நெஞ்சிலிருந்து ஒரு குழாய் அதற்குள் போகிறது. இருமினால் தண்ணீரில் குமிழி வரும். காற்றுக் கசிவு என்றார்கள். வெட்டிய கோட்டிலிருந்து காற்று வெளியே வருகிறதாம். குமிழி நின்றால்தான் குழாயை எடுப்பார்கள். என் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மடல் முழுக்க எடுத்தது. அவர் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குக் குமிழி நிற்கவில்லை. சின்ன ஆபரேஷன் என்று சொல்லிக் கூட்டி வந்த மகனை முறைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

கசிவு வரும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. அந்த மருத்துவமனை மேல் எனக்கு உள்ள ஒரே குறை அதுதான். செல்வி, இதைக் கேட்டு வைத்துக்கொள்ளம்மா. அப்புறம் மூன்று பந்து உள்ள அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை ஆபரேஷனுக்கு முன்னாலேயே வாங்கி, அம்மாவை உறிஞ்சிப் பழகச் சொல். முதல் பந்து சுலபமாக ஏறும். மூன்றாவது ஏற நாளாகும். மார்புக்குக் கீழே ஒரு பட்டை மரத்துப்போன மாதிரி எனக்கு இன்னமும் இருக்கிறது. சட்டை உரசினால் ஒருமாதிரி இருக்கும். மற்றபடி நடமாட்டத்துக்குக் குறைவில்லை.

நெஞ்சறை

பாட்டையா சொன்னது ஆய்விலும் இருக்கிறது. நீடித்த காற்றுக் கசிவு செக்மென்ட் பக்கம்தான் கூடுதல், 6.5 சதவீதம், மடல் பக்கம் 3.8. காரணம் சுலபம். மடலுக்கும் மடலுக்கும் நடுவே இயற்கையான பிளவு உண்டு. செக்மென்ட்களுக்கு நடுவே ஆரஞ்சுச் சுளை மாதிரி தோல் போட்டுப் பிரித்திருக்காது. எல்லையை நாமே கண்டுபிடித்துக் கோடு போட வேண்டும்.

இப்போது செய்யும் ஒரு முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எடுக்க வேண்டிய செக்மென்டின் தமனியை முதலில் கட்டிவிடுவோம். பிறகு மயக்க மருந்து நிபுணர் கை நரம்பில் பச்சைச் சாயத்தை ஏற்றுவார். அகச்சிவப்புக் கேமராவை மாற்றினால் சில நொடியில் நுரையீரல் முழுக்கப் பச்சையாக ஒளிரும். ரத்தம் போகாத செக்மென்ட் மட்டும் கறுப்பாக நிற்கும். சாயம் மறைவதற்குள் அந்த விளிம்பில் மின்கத்தியால் புள்ளி வைத்துக்கொண்டு போவோம். கண் இமைக்க நேரமிருக்காது.

இதனால்தான் செக்மென்டெக்டமி சின்ன ஆபரேஷன் இல்லை என்று மாணவர்களிடம் சொல்வது. எடுப்பது குறைவு, வேலை அதிகம். பழக்கமில்லாத கையில் அரைகுறை செக்மென்டைவிட, பழகிய கையில் முழு மடல் எவ்வளவோ மேல்.

மூர்த்தி_எக்ஸ்ரே

ரேடியாலஜிக்காரன் என்பதால் என் பங்குக்கு. செல்வி, அந்த சிடி எத்தனை மி.மீ. ஸ்லைஸில் (ஒவ்வொரு படமும் காட்டும் துண்டின் தடிமன்) எடுத்தது என்று பாருங்கள். 5 மி.மீ. என்றால் அந்த 0.9ஐ நான் நம்ப மாட்டேன். 1 மி.மீ. அளவில் மெல்லிய ஸ்லைஸ் வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், 1.6க்கு 0.9 என்பது பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். கெட்டிப் பகுதி உண்மையில் 0.4 செ.மீ.க்குள் இருந்தால் கதையே வேறு. கால் பங்குக்கும் குறைவான கெட்டி உள்ள கட்டிகளுக்கு ஜப்பானில் பெரும்பாலும் வெட்ஜ் மட்டுமே செய்து பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் நோய் திரும்பாதவர்கள் 99.7 சதவீதம். மாறாகக் கெட்டி 1.4 செ.மீ. என்று வந்தால் நிணநீர் முடிச்சுக்குப் போயிருக்கும் வாய்ப்பு கூடும். மங்கலான பகுதியும் கெட்டிப் பகுதியும் ஒன்றல்ல. ஸ்டேஜ் போடும்போதே கெட்டியின் அளவைத்தான் எடுப்போம்.

இன்னொன்று. நம் ஊரில் மேல் மடலின் பின்பக்கச் செக்மென்ட் என்றாலே எனக்கு முதலில் டிபி ஞாபகம் வரும். அது குடியேற விரும்பும் இடமே அதுதான். பெட் ஸ்கேனில் டிபியும் ஒளிரும். இது புற்றுநோய்தான் என்று உறுதி செய்தார்களா?

கரூர்_செல்வி

எல்லோருக்கும் நன்றி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் 'போதிய செல் இல்லை' என்று வந்தது. சளியில் டிபி இல்லை. மூன்று மாதம் விட்டு எடுத்த இரண்டாவது சிடியிலும் கட்டி அப்படியேதான் இருக்கிறது. மங்கல் கரையவில்லை, கெட்டி கொஞ்சம் கூடினாற்போல இருக்கிறது என்றார்கள். அதனால் ஆபரேஷன் மேஜையிலேயே உறுதி செய்துகொள்ளலாம் என்கிறார்கள்.

மூர்த்தி சார் சொன்ன பிறகு ரிப்போர்ட்டை முழுவதும் படித்தேன். கடைசி வரியில் 'இடது கீழ் மடலில் 5 மி.மீ. மங்கல் புள்ளி, கண்காணிக்கவும்' என்று இருக்கிறது. இரண்டு சர்ஜன்களும் இதைப் பற்றிப் பேசவே இல்லை. இது முக்கியமா?

மூர்த்தி_எக்ஸ்ரே

முக்கியம். முதல் பதிவிலேயே வந்திருக்க வேண்டிய வரி அது.

நெஞ்சறை

நான் முன்னால் எழுதியதைவிட இந்த ஒரு வரிக்கு எடை அதிகம். பயப்பட வேண்டாம். 5 மி.மீ. மங்கல் புள்ளி பல வருடம் அப்படியே கிடக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். இப்போது அதைத் தொட மாட்டோம். ஆனால் புகைப்பழக்கமே இல்லாத ஆசியப் பெண்களிடம் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகளை அடிக்கடி பார்க்கிறோம். பத்து வருடம் கழித்து அது வளர்ந்தால் இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும். அன்றைக்கு வலது பக்கம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் கேள்வியாக இருக்கும். நான் செக்மென்ட் பக்கம் சாய்வது 3.5 சதவீதத்துக்காக இல்லை, இதற்காக.

திண்ணைப்_பேச்சு

இதை மறுக்க முடியவில்லை. ஆனால் மேஜையில் உறுதி செய்வது என்றால் எப்படி? முடிச்சுகளில் நோய் இருந்தால்?

நெஞ்சறை

முதலில் முடிச்சுகளை எடுத்து ஃப்ரோசனுக்கு அனுப்புவோம். திசுவை உறைய வைத்து மெல்லியதாகச் சீவி, ஆபரேஷன் நடக்கும்போதே பெத்தாலஜிஸ்ட் பார்த்துச் சொல்வார். முடிச்சில் நோய் என்றால் செக்மென்ட் திட்டம் கைவிடப்படும், மடல்தான். 2023 ஆய்வில் முடிச்சுகள் சுத்தம் என்று இப்படி உறுதியான பிறகுதான் சீட்டே போட்டார்கள். முதலில் பதிவான 1080 பேரில் 697 பேர்தான் அந்தக் கட்டத்துக்கு வந்தார்கள். மற்றவர்களில் சிலருக்கு அது கேன்சரே இல்லை, சிலருக்கு முடிச்சில் இருந்தது.

அதனால் செல்வி, மடலா செக்மென்டா என்று மட்டும் கேட்காதீர்கள். மேஜையில் என்ன பார்த்தால் திட்டத்தை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். அங்கே ஃப்ரோசன் வசதி இருக்கிறதா, செக்மென்ட் எத்தனை செய்திருக்கிறார்கள், முடிச்சுகளை எத்தனை இடத்திலிருந்து எடுப்பார்கள், கட்டியின் இடத்துக்கு 2 செ.மீ. ஓரம் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். இதற்கெல்லாம் எரிச்சல்படாமல் பதில் சொல்பவரிடம் போங்கள். அவர் மடல் சர்ஜனாகவே இருந்தாலும் சரி.

ஓசூர்_முத்து

நான் முதலில் சொன்னதை யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பெரியப்பா ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், அவருக்கு 4 செ.மீ.க்கு மேல். இதற்குப் பிறகு கீமோ கொடுப்பார்களா டாக்டர்? அம்மா அதற்குத்தான் அதிகம் பயப்படுவார்.

நெஞ்சறை

இந்த அளவு, முடிச்சு சுத்தம், ஓரமும் சுத்தம் என்றால் கீமோ கிடையாது. கண்காணிப்பு மட்டும்தான்.

கரூர்_செல்வி

(ஒன்றரை மாதம் கழித்து)

ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டில் இருக்கிறார். மெல்லிய ஸ்லைஸில் கெட்டிப் பகுதி 1 செ.மீ. என்று வந்தது. நெஞ்சறை சார் எழுதியதைத் தாளில் குறித்துக்கொண்டு இரண்டு பேரிடமும் போனேன். இரண்டாவது சர்ஜன் பேனாவால் படம் போட்டுக் காட்டி, முடிச்சில் இருந்தால் கேட்காமலே மடலுக்குப் போவேன், அதற்கும் இப்போதே கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டோம். முடிச்சுகள் சுத்தம், செக்மென்டோடு நின்றது. காற்றுக் கசிவு அவ்வளவாக இல்லை. அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய் என்று உறுதியானது. ஓரம் 2.2 செ.மீ. சுத்தம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பெத்தாலஜி ரிப்போர்ட்டில் 'காற்றறைகள் வழியே பரவல், குறைந்த அளவு' என்று இருக்கிறது. மிச்ச மடலையும் எடுக்க வேண்டுமா?

நெஞ்சறை

அது கட்டியின் ஓரத்தைத் தாண்டிக் காற்றறைக்குள் சில செல்கள் கிடப்பது. இது இருந்தால், குறைவாக வெட்டியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். ஃப்ரோசனில் இதைச் சரியாகப் பிடிக்க முடியாது, முழு ரிப்போர்ட்டில்தான் தெரியும். அதற்காகத் திரும்பத் திறந்து மடலை எடுப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஓரம் 2 செ.மீ.க்கு மேல், முடிச்சு சுத்தம் என்ற நிலையில் நானாக இருந்தால் எடுக்க மாட்டேன். முதல் இரண்டு மூன்று வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு சிடி, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. இடது பக்கப் புள்ளியையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இதை டியூமர் போர்டில் (பல துறை டாக்டர்கள் சேர்ந்து பேசும் கூட்டம்) வைத்துப் பேசச் சொல்லுங்கள், உங்கள் சர்ஜன் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

வடவள்ளி_பாட்டையா

மூன்றாவது பந்து ஏறுகிறதா அம்மாவுக்கு?

கரூர்_செல்வி

ஏறுகிறது பாட்டையா. ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது.

தென்காசி_புதியவன்

இழை முழுக்கப் படித்தேன். என் அப்பாவுக்கு 3.4 செ.மீ., இடது கீழ் மடல், நடுவில் பெரிய குழாய்க்குப் பக்கத்தில். அப்பா முப்பது வருடம் பீடி குடித்தவர். அவருக்கும் செக்மென்ட் போதும் என்று கேட்கலாமா?

நெஞ்சறை

தம்பி, இந்த இழையில் சொன்ன ஆய்வுகள் உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. கட்டி 2 செ.மீ.க்குள் இல்லை, வெளிப்பகுதியிலும் இல்லை. பெட் ஸ்கேன், ஊதும் சோதனை, பயாப்சி மூன்றின் ரிப்போர்ட்டையும் பெயரை மறைத்துப் புது இழையில் போடுங்கள். பார்க்கிறேன்.